இரண்டு இழுப்பு

ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது. நீச்சல் குளத்தின் கணக்கு அம்மா நீலப் பேனாவால் எழுதி, அடியில் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டு வைத்திருந்த தொகை அது. மாதம் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தைந்து வீதம் நாலு மாதப் பாக்கி. கட்ட வேண்டியவர் கயிற்றுக்காரர். அப்பா மாதாமாதம் கட்டிவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவருடைய மகள் தினமும் காலையில் அந்தத் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தாள்.

மகளை அழைத்துப்போக வரும்போதெல்லாம், கணக்கு அம்மாவின் சன்னலுக்கு நேரே வந்ததும் கயிற்றுக்காரருக்குச் செருப்பு வார் கழன்றுவிடும். குனிந்து அதைச் சரிசெய்தபடியே சன்னலைக் கடந்துவிடுவார். நாலு மாதமாக அதே செருப்பு, அதே வார்.

"அந்தச் செருப்பத்தான் மாத்திடக் கூடாதா?" என்று ஒரு நாள் சன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. கணக்கு அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கயிற்றுக்காரர் குனிந்தபடியே, "மாத்தணும்மா, அடுத்த மாசம் மாத்திடுறேன்" என்றார். இருவரும் பேசியது செருப்பைப் பற்றி இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

கயிற்றுக்காரர் என்பது வேலையால் வந்த பெயர். அவர்கள் நாலு பேர். அடுக்குமாடி வீடுகள், ஆஸ்பத்திரிகள், தொழிற்சாலைகள் இவற்றின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்வது அவர்கள் பிழைப்பு. மேஸ்திரி வேலை பிடித்து வருவார். ஒல்லி தொட்டிக்குள் இறங்குவான். கதைப்பெட்டி மோட்டாரையும் உள்ளே காற்று அனுப்பும் விசிறியையும் பார்த்துக்கொள்வான். மோட்டார் நின்றாலும் அவன் வாய் நிற்காது. கயிற்றுக்காரர் தொட்டியின் வாயருகே உட்கார்ந்து, ஒல்லியின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பார்.

அந்தக் கயிற்றுக்கு ஒரு சட்டம் உண்டு. மேலே இருப்பவர் நூறு எண்ணியதும் ஒரு சுண்டு சுண்டுவார். உள்ளேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் நன்றாக இருக்கிறேன் என்று பொருள். இரண்டு இழுப்பு வந்தால் தூக்கு என்று பொருள். இரண்டு இழுப்பு வந்த பிறகு என்ன ஏது, இன்னும் நாலு வாளிதானே என்ற பேச்சே கூடாது. தூக்கிவிட வேண்டும். மேலே வந்தவனிடம் காரணம் கேட்கக் கூடாது. கிண்டல் கூடவே கூடாது. அவனை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுத்த ஆள் இறங்க வேண்டும். கேள்வி கேட்டால் அடுத்த முறை வெட்கப்பட்டுக்கொண்டு இழுக்காமல் இருந்துவிடுவான், வெட்கத்தில் செத்தவன்தான் இந்தத் தொழிலில் அதிகம் என்பார் மேஸ்திரி. கதைப்பெட்டிகூட அந்தக் கால்மணி நேரம் வாயை மூடிக்கொள்வான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கயிற்றுக்காரரும் இறங்குகிற ஆளாகத்தான் இருந்தார். ஒரு நாள் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று நெஞ்சை அடைத்தது. காற்று நன்றாகத்தான் வந்தது. அடைத்தது பயம். இரண்டு இழுப்பு இழுத்தார். மேஸ்திரி தூக்கிப் போட்டார். இன்றுவரை ஏன் என்று கேட்டதில்லை. மறுநாள் கயிற்றை இவர் கையில் கொடுத்து, "நீ மேலயே இரு" என்றார். அன்றிலிருந்து இவர் பிடித்த கயிற்றில் போன எவனும் திரும்பி வராமல் இருந்ததில்லை. கயிற்றுக்காரரின் சொத்து என்று சொன்னால் அது ஒன்றுதான்.

மகளுக்குப் பதினாறு வயது. வீட்டில் பாப்பா. அப்பாவோடு வேலை செய்கிறவர்களுக்கு ராக்கெட்டு. விண்வெளிக்குப் போக வேண்டும் என்று அவள் முதலில் சொன்னது ஒன்பது வயதில். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் எதையாவது சொல்லும் என்று விட்டுவிட்டார்கள். இவள் விடவில்லை.

"அப்பா, விண்வெளிக்குப் போகணும்னா மொதல்ல என்ன பண்ணணும் தெரியுமா?"

"பெரிய ஏணியா ஒண்ணு வாங்கணும்."

"போங்கப்பா."

நூலகத்தில் உட்கார்ந்து அவளாகவே தேடி, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி, துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். கணக்கு, இயற்பியல் இரண்டும் முதலில். இரண்டின் கீழும் அவள் வாங்கிய மதிப்பெண்களைப் பென்சிலால் எழுதி அழித்து எழுதி, தாளே மெலிந்துவிட்டது. பிறகு பொறியியலோ மருத்துவமோ ஏதாவது ஒன்றில் பெரிய படிப்பு. சொத்தைப் பல் இருந்தால் அடைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை. ரஷ்ய மொழி தெரிந்தால் நல்லது. முப்பத்து மூன்று எழுத்தையும் அவள் பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்தே பாடமாக்கிவிட்டாள். சின்ன இடத்தில் பிடிக்காதவர்களோடும் சண்டை போடாமல் பல நாள் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும் என்று ஒரு வரி. அதைப் படித்த அவள் அம்மா, "இதுக்கு எதுக்கு ராக்கெட்டு? ரெண்டு ரூம் வீட்டுல உங்கப்பாவோட இருந்து பாரு, போதும்" என்றாள். அம்மா துணிக்கடை ஒன்றில் தையல் வேலை பார்க்கிறவள். ஊசியைப் போலவே பேச்சும்.

நீச்சல் அந்தத் தாளில் ஐந்தாவதாக இருந்தது. விண்வெளி வீரர்களைச் சேர்த்ததும் வைக்கிற முதல் சோதனைகளில் நீச்சலும் ஒன்று என்று படித்திருந்தாள். கடைசி வரி இப்படி இருந்தது: முடியவில்லை என்றால் முடியவில்லை என்று உடனே சொல்ல வேண்டும், மறைத்தால் கூட இருப்பவர்களும் சாவார்கள். அதை எழுதிய அன்று, "இது உங்க கயிறு மாதிரிதான்பா" என்றாள். அவர் அதை மறுநாள் வேலையிடத்தில் நாலு தடவை சொல்லிக்காட்டினார்.

அந்த வருடம் ஓர் அறிவியல் கழகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விண்வெளிப் பயிற்சி முகாம் ஒன்றை அறிவித்தது. பத்து நாள், இருபது பேருக்குத்தான் இடம். மதிப்பெண்ணோடு நீச்சல் சான்றிதழும் கேட்டார்கள். முழு உடுப்பும் துணிக் காலணியும் போட்டுக்கொண்டு, குளத்தின் நீளத்தை மூன்று தடவை நிற்காமல் கடக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். குளத்து நிர்வாகம் தன் பங்குக்கு ஒரு தாளை ஒட்டியது: இங்கே பயின்று சான்றிதழ் பெறும் பிள்ளையின் கட்டணப் பாக்கி முழுவதும் தள்ளுபடி, அந்தப் பிள்ளையின் படம் வாசலில் மாட்டப்படும்.

கயிற்றுக்காரர் அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார். தள்ளுபடி என்ற சொல்லை விட்டுக் கண் நகரவில்லை. அன்று சன்னலைக் கடக்கும்போது வார் கழலவில்லை.

உடுப்பு தன் பொறுப்பு என்றார். அவருடைய பழைய வேலை உடுப்பு ஒன்று இருந்தது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணி, கனமானது. மனைவி அதை மகளின் அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். சேறு உள்ளே புகாமல் இருக்கத் தொட்டிக்காரர்கள் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இறுக்கமாக எலாஸ்டிக் வைத்துக்கொள்வார்கள். அவரும் ஆசையாக உட்கார்ந்து, தொழில் சுத்தத்தோடு, நாலு இடத்திலும் இரட்டை எலாஸ்டிக் வைத்துத் தைத்தார். தண்ணீர் கழுத்து வழியாகப் புகும், இறுக்கிய கால் வழியாக வெளியே போகாது என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. முப்பது வருடமாகத் தண்ணீரை இறைத்துக் காலியாக்கிய பிறகே வேலை தொடங்குகிற தொழில் அவருடையது. தண்ணீர் நிறைந்த இடத்தில் அந்த உடுப்போடு அவர் இறங்கியதே இல்லை.

சோதனை ஞாயிற்றுக்கிழமை காலையில். மேஸ்திரி, ஒல்லி, கதைப்பெட்டி மூவரையும் கூப்பிட்டிருந்தார். குளித்து, தலைவாரி, கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போலப் படிக்கட்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார் கயிற்றுக்காரர்.

"ராக்கெட்டு மேல போறதுக்குத் தண்ணிக்குள்ள எதுக்கண்ணே போகணும்?" என்று கதைப்பெட்டி கேட்டான்.

"திரும்பி வரப்ப கடல்ல விழுந்தா?"

"அப்ப நம்மளக் கூப்பிட்டா போதுமே. மோட்டார வச்சு கடல எறைச்சுட மாட்டோமா?"

நீச்சல் டீச்சர் மகளின் கையைத் தூக்கி உடுப்பைப் பிடித்துப் பார்த்தார். "ரொம்பக் கனமா இருக்கே. சாதாரண பருத்திச் சட்டை, பேன்ட் போதும்னு சொல்லியிருந்தேனே."

"நம்ம தொழில் உடுப்பு டீச்சர், கிழியவே கிழியாது" என்றார் கயிற்றுக்காரர் பெருமையாக. டீச்சர் மகளைப் பார்த்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மகள், "பரவாயில்ல டீச்சர்" என்றாள்.

முதல் நீளம் மீன் மாதிரி போனாள். இரண்டாவதில் பாதிவரை சரியாக இருந்தது. பிறகு கால் கீழே இறங்க ஆரம்பித்தது. இடுப்புக்குக் கீழே யாரோ இரண்டு மூட்டையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுத்தது. இரண்டாவது நீளத்தை எப்படியோ முடித்துச் சுவரை உதைத்துத் திரும்பினாள். ஆழமான பக்கம் அது. நாலைந்து கைவீச்சு போனவள் நின்று, வலது கையை நேராக மேலே தூக்கினாள்.

அந்தக் குளத்தில் கை தூக்கினால் என்னை வெளியே எடுங்கள் என்று பொருள். டீச்சர் நீளக் கம்பை எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடினார்.

கயிற்றுக்காரர் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. கண்ணுக்கு முன்னால் சிவப்புக் கோடு போட்ட அந்தத் தொகைதான் நின்றது. "கைய எறக்கு பாப்பா" என்று கத்தினார். "இன்னும் ஒரே ஒரு நீளந்தான். எறக்கு. எறக்குன்னு சொல்றேன்ல."

பெற்ற அப்பனின் குரல் என்பதால் டீச்சர் ஒரு கணம் தயங்கினார். மகள் தலையைத் திருப்பிப் படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு கையை இறக்கினாள். மூன்று வீச்சு. நாலாவதற்குக் கை வரவில்லை. தலை உள்ளே போயிற்று.

டீச்சர் கம்பைப் போட்டுவிட்டுக் குதித்தார். ஒல்லியும் சட்டையோடு குதித்தான். இழுத்து வந்து ஓரத்தில் போட்டார்கள். இருமினாள், தண்ணீரைக் கக்கினாள், மறுபடி இருமினாள். உயிருக்கு ஒன்றும் இல்லை. டீச்சர் கத்தரிக்கோலால் கணுக்கால் எலாஸ்டிக்கை வெட்டியதும் இரண்டு காலிலிருந்தும் வாளி கவிழ்ந்த மாதிரி தண்ணீர் கொட்டியது. எல்லோரும் அந்தத் தண்ணீரைப் பார்த்தார்கள். பிறகு எலாஸ்டிக்கைப் பார்த்தார்கள். அந்தத் தையல் யாருடையது என்று மேஸ்திரிக்கும் மற்ற இருவருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கதைப்பெட்டிகூட. இரண்டு இழுப்பு இழுத்து மேலே வந்தவனுக்குக் கொடுக்கிற அதே மரியாதையை அவர்கள் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். தண்ணீர் கொடுத்து, நிழலில் உட்காரவைத்துவிட்டு நின்றார்கள். கயிற்றுக்காரருக்கு அவர்களோடு நிற்க இடம் இல்லாத மாதிரி இருந்தது. கொஞ்சம் தள்ளி, ஈரக் காலணிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மகள் குளத்துக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடு என்றால் சரிப்பா. படுத்துக்கோ என்றால் சரிப்பா. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

திங்கட்கிழமை ஒரு ஆஸ்பத்திரித் தொட்டி. தண்ணீரை இறைத்து முடித்து, விசிறி வைத்துக் காற்றும் பார்த்தாயிற்று. ஒல்லி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். கயிற்றுக்காரர் வழக்கம்போலக் கையை நீட்டினார். மேஸ்திரி கயிற்றின் நுனியைக் கதைப்பெட்டியிடம் கொடுத்தார்.

"இன்னைக்கு அவன் புடிக்கட்டும். நீ மோட்டாரப் பாரு."

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதே கையால் கயிற்றுக்காரர் பிடரியைச் சொறிந்துகொண்டார். ஒல்லி அவர் முகத்தைப் பார்க்காமல், முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. எனக்கு வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கு."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மோட்டார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நூறு வரை எண்ணினார். கையில் கயிறு இல்லை. ஆனாலும் விரல் சுண்டியது. செவ்வாய், புதன், வியாழன் எல்லா நாளும் அப்படியே. கதைப்பெட்டி எண்ணிக்கை தவறக் கூடாது என்று பேசுவதையே நிறுத்திவிட்டான். வேலையிடம் சாவு வீடு மாதிரி ஆயிற்று. அதற்கும் காரணம் தான்தான் என்று அவருக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை மாலை, மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "பணத்த நெனச்சுத்தானே கத்துனீங்க?"

அவர் திடுக்கிட்டார். "உனக்கு யார் சொன்னது?"

"நாலு மாசமா நீங்க ரசீது ஒண்ணும் வீட்டுக்குக் கொண்டுவரல. எனக்கு எண்ணத் தெரியாதா?" ஒரு சட்டையை உதறினாள். "அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எப்படி வாயத் தொறந்து சொல்றது?"

"கத்துறதுக்குத் தொறந்துச்சே, அதே வாய்தான்."

மகள் உள் அறையில் அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்றார்.

"பாப்பா, நீச்சல் குளத்துக்கு நாலு மாசமா பணம் கட்டல. ஏழாயிரத்து முந்நூத்தி நாப்பது பாக்கி. நீ பாஸ் ஆனா தள்ளுபடின்னு போட்டிருந்தாங்க. நீ கைய தூக்குனப்ப எனக்கு அதுதான் தெரிஞ்சுது. உன்னத் தெரியல."

அவள் பென்சிலை வைத்தாள். "காசுக்கா?"

"ஆமா."

"அந்த மாமாங்க முன்னாடி நான் தோத்தா உங்களுக்கு அவமானம்னு நெனச்சுத்தான் கத்துனீங்கன்னு நான் நெனச்சேன். அப்படி இருந்திருந்தாகூடப் பரவால்லப்பா."

அவர் நிலைக்கதவின் மரத்தில் விரலால் கோடு கிழித்துக்கொண்டு நின்றார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நின்னிருப்பேன்ல."

"நின்னுடுவேன்னுதான் சொல்லல."

அவள் அலமாரிக் கதவைப் பார்த்தாள். "கைய எறக்குனது நீங்க இல்ல, நான்தான். இத எழுதுனதும் நான்தான்." கடைசி வரியைக் காட்டினாள். "யாரு கத்துனாலும் எறக்கியிருக்கக் கூடாது. நீங்க கத்துனதவிட அதுதான் எனக்கு அசிங்கமா இருக்கு. தண்ணியப் பாக்கவே பிடிக்கல." பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டாள். "கதவச் சாத்திட்டுப் போங்கப்பா."

சனிக்கிழமை காலையில் அவர் கணக்கு அம்மாவின் சன்னலுக்கு நேராகப் போய் நின்றார். குனியவில்லை.

"பணம் இல்லம்மா. வேலை இருந்தா குடுங்க. செஞ்சு கழிக்கிறேன்."

கணக்கு அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவரை முழுதாகப் பார்த்தார். நாலு மாதத்தில் அவர் முகத்தை இப்போதுதான் பார்க்கிறார் என்று சொல்லலாம். "பொண்ணு எப்படி இருக்கா?"

"இருக்காம்மா."

"குளத்துல வழியிற தண்ணி போய்ச் சேருற தொட்டி ஒண்ணு கீழ இருக்கு. சுத்தம் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. எட்டாயிரம்னு நிர்வாகத்துல ஒதுக்கியிருக்காங்க. உங்க ஆளுங்க செய்வாங்களா?"

மேஸ்திரியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டார். மேஸ்திரி முழுவதையும் கேட்டுவிட்டு, "நாளைக்கு லீவு நாள்தானே, செஞ்சுடலாம்" என்றார். "கூலி வேணாம். அன்னைக்கு டீ வாங்கிக் குடுத்தல்ல, அதுல கழிச்சுக்கறோம். ஆனா ஒண்ணு. உன் கடன், நீ எறங்கு. கயிறு நான் புடிக்கிறேன்."

பன்னிரண்டு வருடம். கயிற்றுக்காரர் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கு விடுமுறை விட்டார்கள். கிளம்பும்போது, நானும் வருகிறேன் என்று மகள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தொட்டியின் வாயிலிருந்து பத்தடி தள்ளி, கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். மோட்டார் தண்ணீரை இறைத்து முடித்தது. விசிறி ஓடியது. மேஸ்திரி காற்றைப் பார்த்தார். கயிற்றுக்காரர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இரும்புப் படிகளில் இறங்கினார்.

உள்ளே குளோரின் நெடி. தரையில் வழவழவென்று படிந்த அழுக்கில் முடிக்கற்றை, ரப்பர் வளையம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி, ஒரு சின்னக் குழந்தையின் நீச்சல் கண்ணாடி. சுரண்டுகட்டையால் வழித்து வாளியில் போட்டுக் கொடுத்தார். கதைப்பெட்டி தூக்கிக் கொட்டினான். நூறுக்கு ஒரு சுண்டு வந்தது. ஒரு இழுப்பு கொடுத்தார். அடுத்த நூறு, ஒரு இழுப்பு. ஒன்பது வாளி ஆயிற்று. இன்னும் ஆறோ ஏழோதான் இருக்கும்.

அப்போது வந்தது. பன்னிரண்டு வருடம் அவருக்காக அங்கேயே காத்திருந்த மாதிரி வந்தது. சுவர் நெருங்கியது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். சுண்டு வந்தது. மேலே மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. இன்னும் ஆறு வாளி. இவ்வளவு செய்த பிறகு இதையும் முடிக்காமல் போவதா? அவள் முன்னால் தூக்கி எடுக்கப்படுவதா?

ஒரு இழுப்பு கொடுத்தார்.

கொடுத்த கையோடு அவருக்குப் புரிந்தது. அது பொய். அப்பன் படிக்கட்டிலிருந்து கத்தும்போது தண்ணீரில் ஒரு பெண் கையை இறக்கினாளே, அதே பொய். இங்கே கத்தக்கூட யாரும் இல்லை. தானே கத்தித் தானே இறக்கியாயிற்று. சுரண்டுகட்டை கையிலிருந்து விழுந்தது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தார். இரண்டு இழுப்பு. போதவில்லை என்று பயந்து மறுபடியும் இரண்டு.

கயிறு உடனே விறைத்தது. படியில் கால் பட்டது பாதி, படாதது பாதி. மேலே வெளிச்சத்தில் வந்து விழுந்தார். வேர்வையா தொட்டித் தண்ணீரா என்று தெரியாமல் உடம்பெல்லாம் ஒழுகியது. கை உதறியது. மகள் முன்னால் அந்தக் கையை மறைக்க இடம் இல்லை.

மேஸ்திரி முடிச்சை அவிழ்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கதைப்பெட்டி வாயை மூடிக்கொண்டான். ஒல்லி கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் கட்டினான். மகள் எழுந்து வந்து வாளியை நிழலில் கவிழ்த்துப் போட்டாள், அவர் உட்கார்ந்தார். தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தாள். அவர் பாதியைக் குடித்து மீதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. கால்மணி நேரம் பக்கத்தில் நின்றாள்.

ஒல்லி தன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுநுனியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான். "புடிக்கிறீங்களாண்ணே?"

அந்தக் கயிற்றுக்காக ஆறு நாள் ஏங்கியவர் அதைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "இல்லப்பா. கை இன்னும் நடுங்குது. இப்ப வேணாம்."

ஒல்லி தலையாட்டினான். "சரிண்ணே. நாளைக்குப் புடிங்க." நுனியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு இறங்கினான்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. சன்னலில் அப்பாவும் மகளும் நின்றார்கள். தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்த கணக்கு அம்மா நோட்டைத் திறந்தார்.

"எட்டாயிரத்துல ஏழாயிரத்து முந்நூத்தி நாப்பது போச்சுன்னா, மீதி அறுநூத்தி அறுபது. கையில வேணுமா, பொண்ணோட அடுத்த மாசக் கணக்குல முன்பணமா வச்சுக்கட்டுமா?"

கயிற்றுக்காரர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு மகளைப் பார்த்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் குளம் காலியாக, நீலமாகக் கிடந்தது. அதை வெகுநேரம் பார்த்தாள். "சோதனை மறுபடி எப்ப வைப்பாங்க?"

"மூணு மாசத்துல."

"முன்பணமா வச்சுக்குங்க." அப்பாவின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நீங்க அன்னைக்கு வெளிய நில்லுங்கப்பா. ஒல்லி மாமா உள்ள இருக்கட்டும்."

"சரி."

"அந்த உடுப்பு வேணாம்."

"சரிம்மா."

"நீங்க உள்ள வர்றத அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றாள். எந்த அடுத்த தடவை என்று அவர் கேட்கவில்லை.

கணக்கு அம்மா அளவுகோலை வைத்து, சிவப்புக் கோடுகளுக்கு மேலே அந்தத் தொகையின் குறுக்கே நீளமாக ஒரு கோடு கிழித்தார். பக்கத்தில் "தீர்ந்தது" என்று எழுதித் தேதி போட்டு, கையெழுத்துக்காக நோட்டைச் சன்னல் வழியாகத் தள்ளினார். கயிற்றுக்காரரின் கை அப்போதும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. மகள் நோட்டின் ஓரத்தை நகராமல் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.